எழுதிக் கொடுங்கள்

சங்கரன்கோவில்
27 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய ‘தென்கரிசல்’ வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ராஜராஜேஸ்வரி. ஆடியாலஜி படித்தவள். திருவேங்கடம் சாலையில் ஒன்றரை ஆண்டாகச் செவித்திறன் பரிசோதனை மையம் நடத்தி வருகிறேன்.

உங்களைத் தொலைபேசியில் மூன்று முறை அழைத்தேன். இரண்டு முறை எடுத்தவுடன் துண்டிக்கப்பட்டது. மூன்றாவது முறை எடுத்த பெண்மணி, “எதுனாலும் எழுதிக் குடுங்க, அப்பதான் அவுக பாப்பாக” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

மார்ச் மூன்றாம் தேதி உலகச் செவித்திறன் நாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மார்ச் இரண்டு, நம் ஊர் விசைத்தறித் தொழிலாளர்களுக்காக இலவசப் பரிசோதனை முகாம் ஒன்றை நடத்த இருக்கிறேன். செய்திக்குறிப்பை இத்துடன் இணைத்துள்ளேன். எண்பத்தைந்து டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் நாள்தோறும் எட்டு மணி நேரம் பணிபுரிவோருக்கு உட்செவி நுண்மயிர் அணுக்களில் ஏற்படும் மீளாத பாதிப்பு குறித்து அதில் விரிவாக விளக்கியிருக்கிறேன். வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ராஜராஜேஸ்வரி


31 ஜனவரி 2025

அம்மணி அவர்களுக்கு,

உங்கள் குறிப்பைப் படித்தேன். இதைப் போட்டால் படிக்கப்போவது இரண்டு பேர். எழுதிய நீங்கள், அச்சுக் கோத்த நான்.

நுண்மயிர் அணுக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பத்திரிகையை டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பார்கள். நுண்மயிர் வரும் இடத்தில் அவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

இன்னொன்று. ‘இலவச முகாம்’ என்று எனக்கு மாதம் பத்துக் குறிப்பு வருகிறது. கண், பல், மூட்டு, சர்க்கரை. எல்லாவற்றின் அடியிலும் ஒரு கடையின் பெயர் இருக்கும். உங்கள் குறிப்பின் அடியிலும் இருக்கிறது. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று சொல்லிவிடுங்கள், அதற்குத் தனிப் பக்கம் உண்டு. செய்தி என்றால் எனக்கு ஓர் ஆள் வேண்டும். பெயர், முகம், தறிக்கூடத்தில் எத்தனை வருடம், வீட்டில் என்ன பாடு. அதை எழுதிக் கொடுங்கள்.

போன் செய்யாதீர்கள்.

பெத்துராஜ்
ஆசிரியர், ‘தென்கரிசல்’


8 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கோபமாக இருந்தது. மறுநாள் என் குறிப்பை நானே உரக்கப் படித்துப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.

விளம்பரமா என்று கேட்டிருந்தீர்கள். பாதி ஆம். என் மையத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம். வருகிறவர்களும், “காதுல அழுக்கு எடுப்பீகளா?” என்றுதான் கேட்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா, சென்னையிலேயே இருந்திருக்கலாமே என்று வாரம் ஒரு முறை சொல்கிறார். ஆகவே என் பெயரும் நாலு பேருக்குத் தெரிந்தால் நல்லது என்று நினைத்தேன். மீதிப் பாதி நிஜம். இந்த ஊரில் நாற்பது வயது தாண்டிய தறிக்காரர்களில் நான் பரிசோதித்த அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு அளவில் காது போயிருக்கிறது. அவர்களில் ஒருவர்கூடக் காதுக்காக என்னிடம் வரவில்லை. மகளுக்கோ பேரனுக்கோ துணையாக வந்தவர்கள்.

நீங்கள் கேட்ட ஆள் கிடைத்துவிட்டார். பெயர் மருதப்பன். வயது ஐம்பத்தொன்று. முப்பது வருடமாகப் பவர்லூம். அவர் மனைவி கோமதித்தாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எதக் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுவாக. காப்பி வேணுமான்னாலும் ஆட்டுவாக, காப்பித்தூள் தீந்துட்டுன்னாலும் ஆட்டுவாக. முன்னல்லாம் சண்டை போடுவேன். இப்பம் ஊமை வீடு மாதிரி ஆயிட்டு.” போன வருடம் பேருந்து நிலையத்தில் பின்னால் வந்த வண்டியின் ஹாரன் கேட்காமல் நின்று, யாரோ ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார். மகள் சங்கரேஸ்வரி பி.காம். முடித்தவள். அப்பாவிடம் பேசுவதற்கென்று வீட்டில் சிலேட்டு வைத்திருக்கிறாள்.

முகாமைப் பற்றிச் சொல்லி, உங்கள் பெயரும் படமும் பத்திரிகையில் வரலாமா என்று மருதப்பனிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். செய்தியாக எழுதிய தாளும், அவர் தறி முன் நிற்கும் படமும் இணைத்துள்ளேன்.

ராஜராஜேஸ்வரி


21 பிப்ரவரி 2025

அம்மா,

நாளைய இதழில் மூன்றாம் பக்கம், பாதிப் பக்கம். படமும் உண்டு. இதழை முன்கூட்டியே பார்த்த ஏஜெண்ட் ஒருவர் ஐம்பது பிரதி அதிகம் கேட்டிருக்கிறார்.

இப்படித்தான் எழுத வேண்டும். நாற்காலி கூடுதலாகப் போட்டுவையுங்கள்.

பெத்துராஜ்


5 மார்ச் 2025

ஆசிரியர் அவர்களுக்கு,

நாற்காலி கூடுதலாகப் போட்டேன். நூறு. வந்தவர்கள் பதினொரு பேர். பள்ளி ஆசிரியர்கள் இருவர், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், மற்றவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். தறிக்காரர் ஒருவர்கூட இல்லை. மைக்கில் பேச ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த மருத்துவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார்.

‘செவிடாகிப்போன மருதப்பன்’. நீங்கள் வைத்த தலைப்பு. நான் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். மூன்று இடத்தில். மூன்றையும் அடித்துவிட்டீர்கள்.

திங்கட்கிழமை காலை கோமதித்தாய் என் மையத்துக்கு வந்தார். உட்காரவில்லை. கையில் உங்கள் பத்திரிகை.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீக? சிவகிரில எம்மவளுக்குச் சம்பந்தம் பேசி, பங்குனி முடியவும் பூ வைக்க வாரோம்னு சொல்லியிருந்தாக. பேப்பரப் பாத்துட்டு மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணுதாக. அப்பா செவிடாமே, அது பரம்பரையா, நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வருமான்னு. நான் என்ன சொல்லுவேன்? யோசிச்சுச் சொல்லுதோம்னு வச்சுட்டாக.”

தறி முதலாளியும் மருதப்பனைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆபீசர்கள் யாராவது விசாரிக்க வந்துவிடுவார்கள் என்று பயம். மற்றவர்கள் ஏன் முகாமுக்கு வரவில்லை என்று இப்போது புரிகிறது. வந்தால் அடுத்த வாரம் மூன்றாம் பக்கத்தில் அவர்கள் முகம் வரும்.

“சிலேட்டு வச்சிருக்கோம்னு வேற போட்டிருக்கீக. எம்மவ அத எடுத்து ஒளிச்சு வச்சுட்டா. இப்பம் அப்பாட்ட பேசுறதே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மா. எனக்கு அன்று யாரையும் பரிசோதிக்க முடியவில்லை.

நீங்கள் மறுப்பு வெளியிட வேண்டும்.

ராஜராஜேஸ்வரி


9 மார்ச் 2025

ராஜராஜேஸ்வரி அம்மாளுக்கு,

மறுப்பு என்பது பொய்க்குப் போடுவது. நான் எழுதியதில் எது பொய்? மருதப்பனுக்குக் காது கேட்கிறதா?

ஊர் ‘செவிடன்’ என்றுதான் சொல்கிறது. ‘கேட்கும் திறன் குறைந்தவர்’ என்று யாரும் யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். எதைக் கேட்டாலும் தலையாட்டுவார் என்று அவர் மனைவி சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியில், படம் போடலாமா என்று கேட்டேன், தலையாட்டினார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் பத்திரிகைக்காரன், அவசரத்தில் கவனிக்கவில்லை. காதுக்கென்றே படித்த நீங்களும் கவனிக்கவில்லையே?

பெயரும் படமும் நீங்கள் கொடுத்தது. தலைப்பு நான் வைத்தது. பாதிப் பாதி. இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பெத்துராஜ்


28 மார்ச் 2025

அண்ணாச்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரத்துக்கு மேல் பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்னது சரி. அதை ஒத்துக்கொள்வதற்குத்தான் அவ்வளவு நாள் ஆயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை மருதப்பன் வீட்டுக்குப் போனேன். கோமதித்தாய் கதவைத் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மருதப்பன் எதிரே, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்துகொண்டேன். நான் மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிற முறை அது. முகத்தைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. அன்றைக்குத் தறி ஓடிக்கொண்டிருந்த கூடத்தில், கேமராவை எடுத்துக்கொண்டே, பக்கவாட்டில் நின்று கேட்டேன். இன்றைக்கு ஒழுங்காகக் கேட்டேன்: “அன்னைக்கு நான் என்ன கேட்டேன்னு உங்களுக்கு விளங்குச்சா?”

அவர் சிரிக்கவில்லை. “என்னமோ கேட்டீக. படிச்ச பிள்ளை, நல்லதுக்குத்தான் கேக்கும்னு தலைய ஆட்டுனேன்” என்றார்.

கிளம்பும்போது சங்கரேஸ்வரி வாசல் வரை வந்தாள். “எனக்குக் கல்யாணம் நின்னதுகூடப் பெருசில்ல மேடம். அப்பாவ நாங்க கேலி பண்ணுவோம், சிலேட்டுல திட்டி எழுதுவோம், அது எங்க வீட்டுக்குள்ள. அத நீங்க ஊருக்குச் சொல்லிட்டீக” என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதலாமா கூடாதா என்று நாலு தாள் கிழித்துவிட்டேன். மார்ச் பத்தாம் தேதி, உங்கள் கடிதம் கையில் கிடைத்த சூட்டோடு கீழரத வீதியில் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தீர்கள். ‘சார்’ என்றேன். திரும்பவில்லை. ‘பெத்துராஜ் சார்’ என்று சத்தமாகக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை கத்தவே செய்தேன். கீழே சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நீங்கள் பேனாவை நகர்த்திக்கொண்டே இருந்தீர்கள். எவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

போனை எடுக்காதது. எதுவானாலும் எழுதிக் கொடுக்கச் சொல்வது. நான் தவறாக நினைத்திருந்தால் மன்னித்துவிடுங்கள். தவறில்லை என்றால், இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ராஜராஜேஸ்வரி


4 ஏப்ரல் 2025

தங்கச்சிக்கு,

தவறில்லை.

எனக்குச் சொந்த ஊர் இளையரசனேந்தல் பக்கம். மானாவாரிக் காடு. அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்ததும் அப்பா என்னைப் பதிமூன்று வயதில் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவந்து தறிக்கூடத்தில் விட்டார். பதினாலு வருடம் இருந்தேன். முதல் மாதம், வேலை முடிந்து வெளியே வந்தாலும் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் அது பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் நினைத்தேன். காது போய்க்கொண்டிருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

கூடத்துக்குள் யாரும் பேசமாட்டார்கள். உதட்டசைவும் கைச்சாடையும்தான். அதனால் அங்கே இருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வெளியே வந்து, அஞ்சல் வழியில் படித்து, ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர் ஆன பிறகுதான் தெரிந்தது. ஆள் எதிரே நின்றால் சமாளித்துவிடுவேன். முகத்தையே உற்றுப் பார்ப்பேன். மிரட்டுகிறேன் என்று நினைத்துப் பேசுகிறவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அதில் எனக்குப் பேர் கூடக் கிடைத்தது. போன்தான் ஆகாது.

பத்து வருடத்துக்கு முன்னால், அந்த நாளிதழில் இருந்தபோது, ஒரு பஞ்சாயத்து எழுத்தர் போனில், “சாம்ராஜ் வாத்தியாரோட அப்பா தவறிட்டாரு” என்றார். நான் ‘சாம்ராஜ் வாத்தியார் காலமானார்’ என்று போட்டேன். நடுவில் இருந்த அப்பா என் காதில் விழவில்லை. மறுநாள் காலை வாத்தியார் பத்திரிகையோடு என் எதிரே வந்து நின்றார். அவர் வீட்டுக்கு மூன்று மாலை வந்திருந்ததாம். அப்பாவைப் பறிகொடுத்த மனுஷன் என்னைத் திட்டக்கூட இல்லை. “தூக்கம் இல்லாம எழுதினீகளோ?” என்று கேட்டார். அன்றைக்கு முடிவு பண்ணினேன், எதுவானாலும் எழுத்தில்தான். பெரிய மனுஷத்தனம் காட்டுகிறான் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கொரோனாவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டபோது என் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தலைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறிக்கூடத்தில் எனக்குப் பேரே ‘செவிட்டுப்பய’தான். “ஏலே செவிட்டுப்பயலே, பாவு நூல் அறுந்துட்டு, பாருல” என்பான் மேஸ்திரி. அது உதட்டசைவில்கூட எனக்குத் தெரியும். உங்கள் தாளில் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’ என்று படித்ததும் ஏனோ எரிச்சல் வந்தது. எனக்கு யாரும் அப்படி ஒரு வார்த்தை தரவில்லையே என்று இருந்திருக்கலாம். அடித்துவிட்டு அந்த வார்த்தையை எழுதினேன். எனக்கு ஒட்டியிருந்ததை எடுத்து இன்னொருத்தன் நெற்றியில் ஒட்டிவிட்டேன். படம் அச்சாகி வந்தபோது, அங்கே நிற்பது நான் இல்லை என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

போனில் உங்களிடம் பேசியது என் மனைவி காந்திமதி. அவளுக்கு மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும்.

பெத்துராஜ்


7 ஏப்ரல் 2025

அண்ணாச்சி,

வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மேல் என் மையத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பக்கத்துக் கடைகளும் அந்நேரம் சாத்தியிருக்கும்.

வர வேண்டும் என்று சொல்லவில்லை. இருப்பேன் என்று சொல்கிறேன்.

ராஜி


20 ஏப்ரல் 2025

அண்ணாச்சி,

வியாழக்கிழமை நீங்கள் பரிசோதனை அறையிலிருந்து வெளியே வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். முடிவைச் சொல்ல எனக்கு நேரம் கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் முறைப்படியே எழுதிக் கொடுக்கிறேன். நுண்மயிர் வராமல் எழுதப் பார்க்கிறேன்.

இடது காது மோசம். வலது காது பரவாயில்லை, ஆனால் கூர்மையான சத்தங்கள் அதிலும் போய்விட்டன. பறவை, கொலுசு, போன் மணி, பெண்கள், குழந்தைகள் குரல். ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற எழுத்துகள் வரும் இடத்தில் உங்களுக்கு ஓட்டை விழும். அதனால்தான் ஒருவர் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பது விளங்குவதில்லை. போனது திரும்பாது. ஆனால் மிச்சம் இருப்பது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் குறைவில்லை. கருவி வைத்தால் பாதிக்கு மேல் பிடித்துவிடலாம். ஒரு கருவியை ஒரு மாதம் போட்டுப் பார்க்கத் தருகிறேன். சரிப்படவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இது பரம்பரை இல்லை. தறிச் சத்தத்தால் வந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு வராது. மருதப்பன் பேரப்பிள்ளைகளுக்கும் வராது. இந்த ஒரு வரியைத்தான் நான் பிப்ரவரியில் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். எழுதவே இல்லை. தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டேன்.

ராஜி


9 மே 2025

தங்கச்சிக்கு,

பதில் தாமதம். சிவகிரிக்குப் போய் வந்தேன்.

உங்கள் தாளை மருதப்பன் வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டி, “நான் போயி பேசலாமா?” என்று அவரிடம், அவர் மனைவியிடம், மகளிடம், மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். உங்களால் வந்த புத்தி. சங்கரேஸ்வரி, “போங்க, ஆனா கெஞ்சாதீங்க” என்றாள்.

பஸ்ஸில் போய்ச் சிவகிரியில் இறங்கினேன். மாப்பிள்ளை வீட்டில் அவனுடைய அம்மாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். நான்தான் அந்தச் செய்தி எழுதிய ஆள் என்றேன். அப்புறம், எனக்கும் அதே தறிச் சத்தத்தில் அதே மாதிரி காது போனது, எனக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேருக்கும் சுவர்ப்பல்லி நடந்தால்கூடக் கேட்கும் என்றேன். வெளி ஆட்கள் முன்னால் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் நாக்கு வறண்டுவிட்டது. அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நல்ல மனுஷிதான். “அண்ணாச்சி, ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தா வேற. இப்பம் கடையநல்லூர்ல பேசி முடிச்சுட்டோம். அந்தப் பிள்ளையும் பாவம்லா” என்றார். திரும்பிவிட்டேன்.

சங்கரேஸ்வரியிடம் போய்ச் சொன்னேன். “எங்க அப்பா காதுக்காகத் தயங்குனவுக வீட்ல நான் போயி என்ன பேசப்போறேன். விடுங்க” என்றாள். குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. முகம் நன்றாக இல்லை. அவள் உங்களையும் என்னையும் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

தறி முதலாளியையும் பார்த்தேன். அவர் பயம் வேறு. “இதுக்கெல்லாம் நான்தான் காரணம்னு எழுதுவீகளா?” என்றார். காதடைப்பான் வாங்கிக் கொடுத்துவிட்டு எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்பினால், அதைத்தான் எழுதுவேன் என்றேன். மருதப்பன் சித்திரை கடைசியிலிருந்து வேலைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு முகாம் போடுங்கள். செய்தியை இந்தத் தடவை நான் எழுதுகிறேன். ஆளும் படமும் என்னிடமே இருக்கிறது. தலைப்பு: ‘எனக்குக் காது கேட்காது’. பேர், பெத்துராஜ். “பையன்கள் யோசிப்பார்களே” என்றாள் காந்திமதி. பையன்களைக் கேட்டேன். போடுங்கப்பா என்றார்கள். மருதப்பன் சம்மதித்தால் பக்கத்தில் அவரையும் சேர்ப்பேன், இந்தத் தடவை மரியாதையாக. கேட்டுச் சொல்லுங்கள்.

பெத்துராஜ்


3 ஜூன் 2025

அண்ணாச்சி,

உங்கள் கட்டுரைப் படியைக் கொட்டை எழுத்தில் தட்டச்சு செய்து, மருதப்பன் பெயர் வரும் இடங்களில் கோடு போட்டு, அவர் கையில் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. கோமதித்தாய் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை.

படித்து முடித்து, “ஒங்க அண்ணாச்சி நல்லா எழுதியிருக்காரு. எம்பேரு வேண்டாம்” என்றார்.

தலையாட்டாமல், சாதாரணமாகத்தான் அதைச் சொன்னார். எனக்குத்தான் எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. எடுத்துவிடுங்கள். முகாமுக்கு மட்டும் வருகிறேன் என்றார், கூடத்திலிருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு.

என் மையத்தின் பெயரையும் எடுத்துவிடுங்கள். கடைசி வரியில், அரசு மருத்துவமனையிலும் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று சேருங்கள். அப்பாவிடம் சொன்னேன். “பொழைக்கத் தெரியாத பிள்ள” என்றார். ஆனால் முகாமுக்குப் பந்தல்காரரை அவர்தான் பேசி முடித்திருக்கிறார்.

இத்துடன் கருவி ஒன்று அனுப்புகிறேன். வலது காதுக்கு. முதல் நாட்களில் எல்லாச் சத்தமும் எரிச்சலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜி


17 ஜூன் 2025

அண்ணாச்சி,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூட்டத்தில் நின்று ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்ததால் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்காது. வந்தவர்கள் எண்பத்திரண்டு பேர். தறிக்காரர்கள் மட்டும் அறுபத்து நாலு. இருட்டும்வரை நின்றார்கள். பலர் கையில் உங்கள் பத்திரிகை. ஒருவர் என்னிடம் உங்கள் படத்தைக் காட்டி, “இவரே சொல்லுதாரு, எனக்கென்ன வெக்கம்?” என்றார். கடைசியாக வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? தறி முதலாளி. அவருக்கும் இரண்டு காதும் குறைந்திருக்கிறது. முப்பது வருடமாக அவரும் அதே கூடத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்.

தறிக்காரர்களில் இளையவர்கள் பதினெட்டுப் பேருக்குக் காது இன்னும் கெடவில்லை. அவர்களுக்குக் காதடைப்பானை எப்படி வைப்பது என்று நானே வைத்துக் காட்டினேன். முகாமில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் அந்தப் பதினெட்டுப் பேர்தான்.

கருவி எப்படி இருக்கிறது? எழுதுங்கள். இல்லை, போன் செய்யுங்கள்.

ராஜி


19 ஜூலை 2025

தங்கச்சிக்கு,

போன் செய்யவில்லை. இது எழுத வேண்டிய விஷயம்.

முதல் வாரம் கருவியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று இருந்தது. ஃபேன் இவ்வளவு சத்தமா போடும்? தாளைப் புரட்டினால் தகரத்தைக் கிழிப்பதுபோல இருக்கிறது. வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அதனால், ஆபீசில் மட்டும்தான் மாட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று காந்திமதியிடம் ஒரு பொய் சொல்லி வைத்தேன். நரைமுடி காதை மூடிக் கிடப்பதால் மாட்டியிருப்பதும் இல்லாததும் அவளுக்குத் தெரியாது.

போன வாரம் ஒரு காலையில் மாட்டிக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் அவள் அந்தப் பக்கம் திரும்பி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

எல்லாச் சொல்லும் விளங்கவில்லை. பாதிக்கு மேல் விளங்கியது. பெரியவன் போனில் சரியாகப் பேசவில்லை என்றாள். “நீங்க கேட்டா சொல்லுவான், எங்கிட்ட மறைக்கான்” என்றாள். இடுப்பு வலிக்கிறது என்றாள். அதை என்னிடம் அவள் சொன்னதே இல்லை. அவளுடைய தம்பி கல்யாணத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைச் சொன்னாள். அது நடந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. யாரோ கூப்பிட்டது கேட்காமல் போயிருப்பேன். நடுவில் சிரித்தாள். எதற்கென்று பிடிபடவில்லை.

மூன்று நாள் அப்படியே கேட்டேன், தங்கச்சி. மூன்றாவது நாள் எனக்கு மருதப்பன் ஞாபகம் வந்தது. அவள் நான் கேட்பதாக நினைத்துப் பேசவில்லை. எனக்குக் கேட்காது என்று தெரிந்துதான் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நான் அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுந்து அடுப்படிக்குப் போனேன். முடியை ஒதுக்கிக் காட்டி, “எனக்குக் கேக்கு” என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். “எத்தன நாளா?” என்றாள். “மூணு நாளா” என்றேன். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாளும் அடுப்படியில் சத்தமில்லை. இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நான் நிறுத்திவிட்டேன் என்று இருந்தது. கருவியை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பையில்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று காலை, நான் கிளம்பும் நேரம், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் எதிரே நின்றாள்.

“அத எடுத்து மாட்டுங்க” என்றாள். மாட்டினேன்.

“நான் இவ்வளவு நாளும் சொன்னதுல பாதி உங்களத் திட்டுனது. மீதியும் உங்களப் பத்தித்தான். அரைகுறையாக் கேட்டுட்டுப் போவேண்டாம். முதல்லருந்து சொல்லுதேன், இங்கன உக்காருங்க” என்றாள்.

உட்கார்ந்தேன். கல்யாணம் ஆகி வந்த முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரையில் சின்னவன் பிறந்ததற்கே வந்து சேரவில்லை. ஆபீசுக்குப் போகவில்லை. இந்த வாரப் பத்திரிகை ஒரு நாள் தாமதமாகத்தான் வரும்.

பெத்துராஜ்